வீட்டுக் கணினியில் ‘அந்த ஃபைல் எங்கே?’ - தேடாமல் கிடைக்க, தொலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து கணினியில் வைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. “இங்கதானே வச்சேன்” என்று வீடே திரைக்கு முன்னால் கூடி நிற்கும். பல வீடுகளில் நடப்பதுதான்.

இதைவிட மோசமானது, ஒருநாள் கணினியே ஆன் ஆகாமல் போவது. இரண்டுக்கும் வழி இருக்கிறது. பெரிய தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை.

டெஸ்க்டாப்பில் குவிக்கலாமா?

இணையத்திலிருந்து இறக்கும் எல்லாம் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டருக்குப் போகும். மீதி எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போட்டுவைப்பது நம் பழக்கம். விண்டோஸ் கணினியில் இந்த இரண்டு இடங்களும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவினால், அங்கிருக்கும் படங்களும் சான்றிதழ்களும் சேர்ந்தே போய்விடும்.

டி டிரைவ் இருந்தால், அதில் குடும்பத்துக்கென ஒரு ஃபோல்டர் தொடங்கலாம். அதற்குள் ‘சான்றிதழ்கள்’, ‘வங்கி’, ‘மருத்துவம்’, ‘வீட்டு ரசீதுகள்’, ‘படங்கள்’ என ஐந்து ஃபோல்டர்கள் போதும். பிரிவுகள் அதிகமானால் எதில் வைத்தோம் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

பெயர் வைப்பது எப்படி?

‘ஸ்கேன்0001’, ‘நியூ டாக்குமென்ட்’ போன்ற பெயர்களை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆண்டு, மாதம், நாள், பிறகு விஷயம் என்ற வரிசையில் பெயர் வைக்கலாம். உதாரணமாக, ‘2025-06-12 அப்பா ரத்தப் பரிசோதனை’. ஆண்டு முதலில் வருவதால், பெயர்ப்படி அடுக்கும்போது ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். மாதத்தையும் நாளையும் 06, 09 என இரண்டு இலக்கத்தில் எழுதினால்தான் வரிசை குலையாது. இணையதளங்களில் பதிவேற்ற வேண்டிய ஃபைல்களுக்கு மட்டும் சிறிய ஆங்கிலப் பெயர் வைப்பது நல்லது.

டி டிரைவில் நகல் இருந்தால் போதுமா?

போதாது. பல வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கணினித் துறையில் ‘3-2-1’ என்றொரு விதி உண்டு. முக்கியமான எதற்கும் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. வீட்டளவில் சொன்னால், கணினியில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று. நகல் எடுத்து முடித்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால், கணினியில் நுழையும் வைரஸ் அதையும் பதம் பார்த்துவிடும்.

“எல்லாம் கூகுள்ல இருக்கே!”

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணினியோடு ‘சிங்க்’ செய்யப்பட்ட ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால், இணையத்திலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும்; அதற்குப் பிறகு கிடைக்காது. இலவச இடமும் 15 ஜிபிதான். ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. ஆகவே சான்றிதழ்களை இணையத்திலும், ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும் கல்யாண வீடியோக்களை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளிலும் வைக்கலாம். ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு ஆவணங்களுக்கு மத்திய அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது.

கணினி மெதுவாகிவிட்டதா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினியோடு சேர்ந்தே எழும் செயலிகளின் பட்டியல் இருக்கும். தேவையில்லாதவற்றை ‘டிஸேபிள்’ செய்தால் கணினி சீக்கிரம் தயாராகும். ஆன்டிவைரஸை மட்டும் தொட வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி மாற்றினால் வேகத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. அந்தக் கணினியில் வங்கி வேலைகள் செய்பவர்கள் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்ப்பது அவசியம்.

ஒரே கணினி, நாலு பேர்

ஒவ்வொருவருக்கும் தனி யூசர் கணக்கு தொடங்கலாம். பிள்ளைகளின் கணக்கை ‘ஸ்டாண்டர்டு’ வகையில் வைத்தால், நிர்வாகி பாஸ்வேர்டு இல்லாமல் கணினியின் முக்கிய அமைப்புகளை மாற்ற முடியாது. எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனுடன் ‘எல்’ அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். டவுன்லோட்ஸைக் காலி செய்து, புதியவற்றை உரிய ஃபோல்டரில் போட்டு, நகல் எடுக்கலாம். எடுத்த நகலில் இரண்டு, மூன்று ஃபைல்களைத் திறந்தும் பார்க்க வேண்டும். நகல் சரியாகப் பதிவாகவில்லை என்பது அவசரத்துக்குத் தேடும்போது தெரியவந்தால் பலனில்லை. எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைப்பது நல்லது.