மாமா வீட்டு ஆன்டெனா கோபுரம்: குழி தோண்டும் முன் டேப்பை எடு!



எங்க மாமா ஒரு ஹாம். ஹாம் என்றால் தேர்வு எழுதி, அரசு உரிமம் வாங்கி, சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துப் பேசுபவர். இந்திய ஹாம்களின் அழைப்புக் குறி பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்கும். ‘செல்போன் இருக்கும்போது இது எதுக்கு மாமா?’ என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, அங்கிருந்து செய்திகளை வெளியே கொண்டு வந்தது அந்த ரேடியோதான்.

போன கோடை விடுமுறையில் செங்கல்பட்டு பக்கம் இருக்கிற தாத்தா வீட்டில் மாமா ஒரு கோபுரம் நிறுத்தினார். கூடமாட இருந்தவன் நான். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இது ரேடியோ பாடம் மட்டும் இல்லை, உயிர் பாடமும் கூட.

கோபுரம் எதற்கு? சுற்றுவது எதற்கு?

மாமா பேசுவது 28 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் சுமார் 10.7 மீட்டர். அதில் பாதி, ஏறக்குறைய 5.3 மீட்டர். ஆன்டெனாவின் ஒவ்வொரு குறுக்குக் குழாயும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான். மூன்று குழாய்களை வரிசையாக ஒரு நீளத் தண்டில் பொருத்தினால் அது ‘யாகி’ ஆன்டெனா. பழைய டி.வி. ஆன்டெனா மாதிரியே இருக்கும். 1926-இல் ஜப்பானைச் சேர்ந்த உடா, யாகி என்ற இருவர் இதைப் பற்றி வெளியிட்டார்கள். டார்ச் லைட் போல ஒரு பக்கமாகவே அலையை அனுப்பும். அதனால் பேச வேண்டிய ஊர்ப் பக்கம் திருப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மோட்டார்தான் ரொட்டேட்டர்.

பழைய கதை ஒன்று

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்போது மாமா வெறும் இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டியிருந்தாராம். காற்றில் அது சாய்ந்து பின் வீட்டுப் பெரியம்மாவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கூரையை மாமா மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

முதல் பாடம்: மின்கம்பி

நான் போவதற்கு முன்பே மாமா வீட்டின் முன்பக்கம் குழி தோண்டி முடித்திருந்தார். என்னிடம் ஒரு கணக்கு கொடுத்தார். ‘கோபுரம் 10 மீட்டர். அதுக்கு மேல குழாய் 1 மீட்டர். ஆன்டெனாவில் பாதி 2.6 மீட்டர். அதோட பாதுகாப்புக்கு 3 மீட்டர் சேர்த்துக்கோ. கோபுரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கரண்ட் கம்பி அதைவிடத் தள்ளி இருக்கணும்.’

கூட்டினால் 16.6. அதாவது 17 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தெருக் கம்பிக்கு நேர் கீழே வரை டேப் பிடித்தேன். வெறும் 12 மீட்டர்தான் வந்தது! இன்னொரு முறை அளந்தேன். அதே 12.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ‘கண்ணால பார்த்தே போதும்னு நினைச்சுட்டேன்டா’ என்றார். இரண்டு நாள் கூலி கொடுத்துத் தோண்டிய குழியை மூடச் சொல்லிவிட்டார். புது இடம் கொல்லைப்புறம். கம்பிக்கு 21 மீட்டர். ஆனால் பின் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. மாமாவே போய்ப் பெரியம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினார். ‘புயல் வந்தா இறக்கிடுவியா?’ என்று அவர் கேட்டார். ‘இறக்கிடுவேன்’ என்று மாமா வாக்குக் கொடுத்தார். அதனால் அடியில் கீல் வைத்து, வின்ச்சால் படுக்க வைக்கிற மாதிரி கோபுரம் செய்யப்பட்டது.

இரண்டாம் பாடம்: காற்று

காற்றழுத்தக் கணக்கு மிக எளிது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் விசை நியூட்டனில் கிடைக்கும். கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.

0.6 × 50 × 50 = 1500 நியூட்டன்.

ஆன்டெனா, ரொட்டேட்டர், குழாய் எல்லாம் சேர்த்து அரை சதுர மீட்டர் என்று வைத்தால் 750 நியூட்டன். சுமார் 75 கிலோ எடையைக் கோபுர உச்சியில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது போல! வேகம் பாதியானால் விசை கால் பங்குதான். இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. அதனால்தான் சாதாரண நாளில் ஆடாமல் நிற்கிற கம்பம் புயலில் விழுகிறது.

இதைத் தாங்க இழுகம்பிகள் மூன்று, 120 டிகிரி இடைவெளியில். தரையில் கட்டும் இடம் கோபுரத்திலிருந்து 7 மீட்டர் தள்ளி. பக்கத்திலேயே கட்டினால் கம்பி பக்கவாட்டில் பிடிக்காது, கீழ்நோக்கி அழுத்தத்தான் செய்யும்.

அடித்தளக் குழி 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் ஆழம். கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ என்றால் ஏறக்குறைய 2900 கிலோ. ஒரு வாரத்தில் கோபுரத்தை ஏற்றலாம் என்று மாமா துடித்தார். கொத்தனார் அண்ணன் விடவில்லை. ‘28 நாள் கழிச்சு வாங்க சார்’ என்று சொல்லிவிட்டார். தினமும் தண்ணீர் ஊற்றியது நான்!

மூன்றாம் பாடம்: ரொட்டேட்டர்

ரொட்டேட்டரைக் கோபுரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே, உள்ளே வைத்தார்கள். அதற்கு மேலே ஒரு பேரிங். காற்று குழாயைச் சாய்க்கப் பார்க்கும்போது பேரிங் தாங்கிக்கொள்ளும். ரொட்டேட்டருக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான்.

கேபிளை இறுக்கிக் கட்டினால் ஒரு சுற்றிலேயே அறுந்துவிடும். அதனால் மேலே தாராளமாக ஒரு வளையம் விட வேண்டும். கோபுரம் படுத்திருக்கும்போதே முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்துவிட்டோம்.

ஒரு வேடிக்கை: நியூயார்க்குடன் பேச ஆன்டெனாவை மேற்கே திருப்பணும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கிட்டத்தட்ட வடக்கே, கொஞ்சம் மேற்காக. நம்ம ஆய்வகத்து உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், புரியும்.

நான்காம் பாடம்: இடி, ஏறுதல்

கோபுரத்துக்குத் தனி எர்த் அடித்து, வீட்டு எர்த்தோடும் இணைக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடி விழும்போது அந்த மின்னழுத்த வேறுபாடு ரேடியோ வழியாகத்தான் பாயும். இடி மேகம் கண்டால் கேபிளைக் கழற்றி விடணும்.

ஆள் ஏறும்போது முழு உடல் பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசம் கட்டாயம். தனியாக ஏறவே கூடாது. கீழே நிற்பவர்கள் தள்ளி நிற்கணும், ஒரு ஸ்பேனர் விழுந்தால் கூட மண்டை உடையும். ஏறுவதற்கு முன் மாமா ரேடியோவையும் ரொட்டேட்டர் பெட்டியையும் அணைத்து, இரண்டின் மின்கம்பியையும் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். கீழே யாராவது மறந்துபோய் சுவிட்ச் போட்டாலும் மேலே ஆன்டெனா திரும்பாதே!

முடிவாக

கோபுரம் ஏறிய அன்று பெரியம்மாதான் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தபோது மாமா சொன்னபடியே கோபுரத்தை இறக்கிவிட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

நண்பர்களே, நம்மில் எல்லோரும் கோபுரம் கட்டப் போவதில்லை. ஆனால் கொடிக்கம்பம் நடுவோம், மாங்காய் பறிக்க இரும்புத் துரட்டி தூக்குவோம், மொட்டை மாடியில் குழாய் நிமிர்த்துவோம். அதற்கு முன் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். கம்பி இருந்தால் அந்த இடம் வேண்டாம். கண் அளவு ஏமாற்றும். எங்க மாமாவையே ஏமாற்றியது!

யோசித்துப் பாருங்கள்: 8 மீட்டர் கோபுரம், மேலே 1 மீட்டர் குழாய், 4 மீட்டர் நீள ஆன்டெனா. மின்கம்பி குறைந்தது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கணும்? (விடை அடுத்த இதழில்)

– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்