மிருதங்கத்தின் கருவட்டத்தில் ஓர் இயற்பியல் பாடம்: இசையும் அறிவியலும் ஒரே வகுப்பறையில் சேர்வது எப்படி?

பெங்களூரு: பல துறைகளை இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்துகிறது. இசையையும் அறிவியலையும் ஒரே பாடமாகக் கற்பிக்க விரும்பும் பல்கலைக்கழகங்கள் அதை எங்கிருந்து தொடங்கலாம்? 1934-ஆம் ஆண்டில் பெங்களூருவில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்கு வழிகாட்டுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருவட்டமே அந்த ஆய்வின் மையப் பொருள்.

ராமன் கண்ட விடை

நரம்பு இசைக்கருவியில் எழும் ஒலிகள் 1, 2, 3, 4 என்ற முழு எண் விகிதத்தில் அமைகின்றன. அதனால்தான் அவை காதுக்குச் சுருதியாக ஒலிக்கின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலில் அந்த ஒழுங்கு இல்லை. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் சிதறுகின்றன. ஆகவே பெரும்பாலான முரசுகள் ஓசை எழுப்புமே தவிர, தெளிவான சுரம் தருவதில்லை.

மிருதங்கமும் தபலாவும் இதற்கு விதிவிலக்கு. இதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் சுட்டிக்காட்டினர். 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூரு வந்த ராமன், அடுத்த ஆண்டு தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் இதனை விரிவாக விளக்கினார். தோலின் மீது நுண்மணலைத் தூவி, அது சேரும் கோடுகளைக் கொண்டு அதிர்வு முறைகளை அவர் அடையாளம் கண்டார். தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து சுரங்களாக ஒன்றுசேர்கின்றன என்பதும், அவை 1 முதல் 5 வரையிலான முழு எண் விகிதத்தில் உள்ளன என்பதும் அவரது முடிவு. நடுவில் ஏற்றப்பட்ட கருவட்டத்தின் எடையே இதற்குக் காரணம்.

அதே கழகத்தைச் சேர்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் எம்.எம். சோந்தியும் 1954-இல் இந்தத் தோலை இரு வேறு அடர்த்திகள் கொண்ட சவ்வாகக் கருதி, ராமனின் முடிவுக்குக் கணித விளக்கம் அளித்தனர்.

தம்புரா மீறும் விதி

தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் பெயரால் அறியப்படும் விதி. வீணையும் தம்புராவும் இதற்குக் கட்டுப்படுவதில்லை என்று 1921-இல் ராமன் எழுதினார். அவற்றின் குதிரை கூர்மையாக இல்லாமல் வளைந்த பரப்பாக உள்ளது. அதிரும் தந்தி ஒவ்வொரு முறையும் அப்பரப்பை உரசிச் செல்வதால், இருக்கக் கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன. ஒலியலைகளைப் படமாகக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்று இருந்தால், இதை மாணவர்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முடிவுறாத சுருதிக் கணக்கு

சட்சத்திலிருந்து பஞ்சமம் 3/2 மடங்கு. இந்தப் படியைப் பன்னிரண்டு முறை ஏறினால் 129.75 மடங்கு கிடைக்கும். ஏழு ஸ்தாயிகள் ஏறினால் 128 மடங்குதான். இரண்டும் ஒருபோதும் பொருந்துவதில்லை. சுரங்களின் இடைவெளிகளை எவ்வாறு பகுப்பது என்ற நெடிய விவாதத்தின் வேர்களில் இதுவும் ஒன்று. தஞ்சாவூர் மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியான ‘கருணாமிர்த சாகரம்’ நூலில், 22 சுருதிக் கொள்கையை மறுத்து 24 சுருதிகளுக்கு வாதிட்டார். அறிவியல் பட்டதாரியான ஈழத்து விபுலானந்த அடிகள், பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து 1947-இல் ‘யாழ்நூல்’ வெளியிட்டார். இசையும் கணக்கும் தமிழில் முன்பே ஒன்றாகப் பயிலப்பட்டவை என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்று.

எனினும், கணக்கு தனித்து நின்றால் போதாது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஒரே அதிர்வெண்ணைக் குறித்தால், எண் கிடைக்கும், ராகம் கிடைக்காது. எதை அளப்பது என்று முடிவு செய்ய இசை மாணவரின் காது தேவை. அளந்ததைச் சரிபார்க்க அறிவியல் மாணவரின் கருவி தேவை. இருவருக்கும் ஒரே தேர்வை வைப்பதைவிட, இருவரையும் ஒரே சோதனையில் சேர்ப்பதே இத்தகைய பாடத்திற்குப் பொருந்தும்.

வகுப்பில் இடம்பெறாத ஆசிரியர்கள்

இப்பாடத்தில் விடுபடக் கூடாத இன்னொரு தரப்பும் உண்டு. ராமன் விளக்கியது, கருவி செய்வோர் ஏற்கெனவே கண்டறிந்திருந்த தீர்வைத்தான். கரிய கல்தூளையும் சோற்றையும் பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் தட்டிக் கேட்டுச் சரிசெய்யும் அறிவு அவர்களுடையது. தோலைக் கையாளும் தொழில் என்பதாலேயே சமூகம் அவர்களை ஒதுக்கி வைத்தது. மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் இந்த வரலாற்றை, பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியான ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

மறுபுறம், பெங்களூருவைச் சேர்ந்த பொறியாளரும் கர்நாடக இசைப் பாடகருமான கே. வரதரங்கன், விலங்குத் தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் தோல் பொருத்திய மிருதங்கத்தை உருவாக்கியுள்ளார். சுருதி எளிதில் மாறாத கருவி கலைஞருக்கு வசதி. ஆனால் தோல் மூட்டிப் பிழைப்பவரின் எதிர்காலம் என்ன என்ற கேள்வியும் உடன் எழுகிறது. இயற்பியல், இசை, சமூகம் ஆகிய மூன்றையும் தொடாமல் அதற்கு விடை காண இயலாது.

ஆகவே, பல்கலைக்கழகங்கள் இப்பாடத்திற்குப் பேராசிரியரையும் வித்வானையும் அழைத்தால் மட்டும் போதாது. கருவட்டத்தை ஏற்றத் தெரிந்தவரையும் ஆசிரியராக, உரிய ஊதியத்துடன் அழைக்க வேண்டும். அவர் கையால் செய்வதை மாணவர்கள் அளந்தும் கேட்டும் கற்கும்போதுதான், இரு துறைகளின் சந்திப்பு முழுமை பெறும்.