நிலப்பட்டாவில் யார் பெயர்?

1950ஆம் ஆண்டுகளில் மலாயாவிலிருந்த ஐரோப்பிய நிறுவனங்கள் பல, தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவற்றை வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றதால், தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தனர். அவர்களுக்கு உதவவே, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாக வழிவகுத்தார். பின்னர், 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதி நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கு நிலம் வாங்குவோர் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலப்பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். பணம் கட்டிய இரசீதோ பல்லாண்டு குடியிருப்போ அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்வது அவசியம். பொதுவாக நான்கு சிக்கல்கள் தெரியவரும்.

முதலாவது, வங்கி அடமானம். கடன் தீர்ந்து, அடமானம் நீக்கப்பட்ட பிறகே நிலத்தைத் தடையின்றிப் பெயர்மாற்ற இயலும்.

இரண்டாவது, 'கேவியட்' எனப்படும் தடைப்பதிவு. நிலத்தில் வேறொருவர் உரிமை கோருகிறார் என்பதே இதன் பொருள். அது நீங்கும்வரை பெயர்மாற்றம் நடைபெறாது.

மூன்றாவது, இறந்தவரின் பெயரிலேயே இருக்கும் பட்டா. பிள்ளைகள் அந்த நிலத்தில் வாழ்ந்தாலும், வாரிசுரிமையை முறைப்படி பெற்ற பிறகே அதனை விற்க முடியும்.

நான்காவது, ஒரே பட்டாவில் பலர் பங்குதாரராக இருப்பது. பத்து ஏக்கரில் பத்தில் ஒரு பங்கை வாங்கியவர், "இந்த மூலை எனக்கே உரியது" என்று வேலி போட முடியாது. நிலம் அளக்கப்பட்டுத் தனிப்பட்டா கிடைக்கும்வரை, அவருக்கு உள்ளது பங்கு மட்டுமே.

இவற்றோடு, குத்தகை நிலமாயின் எஞ்சியுள்ள ஆண்டுகள், மாநில அரசின் ஒப்புதல் தேவை என்ற நிபந்தனை, நில வரி நிலுவை ஆகியவற்றையும் வழக்கறிஞர் வழி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தேடலுக்கு ஆகும் செலவு சிறிது. ஆனால், அதனைச் செய்யாமல் விடுவோர் வாழ்நாள் சேமிப்பையே இழக்க நேரிடலாம். விற்பவர் நெருங்கிய உறவினரே ஆனாலும், பட்டாவைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பது அறிவுடைமை.