'99 சதவிகிதம் பேரால் முடியாது'ன்னு சொல்றாங்களா? நிஜமாவே கஷ்டமான பஸில் கேமைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது இந்த விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு ஆள் ஆபத்தில் மாட்டியிருப்பார். சரியான கம்பியை உருவினால் தப்பிக்கலாம். ஆனால், விளையாடுபவர் வேண்டுமென்றே தப்பான கம்பியை உருவுவார். 'அட, இதுகூடத் தெரியாதா?' என்று நமக்குக் கை பரபரக்கும். டவுன்லோடு செய்து உள்ளே போனால், அங்கே பெரும்பாலும் ஒரே மாதிரி மூன்றைச் சேர்க்கும் கேம்தான் இருக்கும். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களுக்கு வந்த இப்படியான இரண்டு விளம்பரங்களுக்கு, 2020-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடையே போட்டது.

சரி, உண்மையிலேயே மூளையைக் கசக்கும் பஸில் வேணும்னா எங்கே தேடுறது?

கஷ்டத்தில் ரெண்டு வகை இருக்கு!

முதல் வகைக்கு கேண்டி க்ரஷ் சாகா நல்ல உதாரணம். மொத்தம் 5 லைஃப். தோற்றால் ஒன்று போகும். அது திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். மேலிருந்து எந்த மிட்டாய் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒன்பது முறை தோற்ற லெவலைப் பத்தாவது முறை தாண்டுவீர்கள். இடையில் புதிதாக என்ன கற்றீர்கள் என்று யோசித்தால், பல நேரம் எதுவுமே இருக்காது. பஸ்ஸில் போகும்போது பொழுதுபோக்க அது ஓகே. ஆனால், அது காத்திருக்க வைக்கும் கஷ்டம்.

இரண்டாவது வகை, யோசிக்க வைக்கும் கஷ்டம். 1980-களின் ஆரம்பத்தில் ஜப்பானில் ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கிய 'சோகோபன்' அந்த வகை. நீங்கள் ஒரு குடோன் ஆள். பெட்டிகளைக் குறிப்பிட்ட இடத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. விதி அவ்வளவுதான். ஆனால், ஒரு பெட்டி மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. இது கம்ப்யூட்டருக்கே மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்று என்று 1997-ல் ஜோசப் கல்பர்சன் நிரூபித்தார். இங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. நீங்கள் தோற்றால், ஏன் தோற்றீர்கள் என்பதற்குக் காரணம் திரையிலேயே இருக்கும்.

டவுன்லோடுக்கு முன்னாடி செக் பண்ணுங்க

* குறிப்புகளைப் பாருங்கள். ஸ்டோரில் கேம் பெயருக்குப் பக்கத்திலேயே விளம்பரம் உண்டா, உள்ளே காசு கட்டி வாங்கும் சமாச்சாரம் உண்டா என்று போட்டிருக்கும். இரண்டும் இருந்தால், உள்ளே விற்கும் பொருள்களின் விலையையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் போனால் கேமின் வருமானமே நீங்கள் மாட்டிக்கொள்வதில்தான் இருக்கிறது. முழு கேமையும் திறக்க ஒரே ஒரு தொகை என்றால் பயப்பட வேண்டாம்.
* அன்டூ பட்டன் இலவசமா? நல்ல பஸில் கேம் நீங்கள் தப்பு பண்ணுவதைத் தடுக்காது. எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் வரலாம். ஒரு ஸ்டெப் பின்வாங்க காசோ, விளம்பரமோ கேட்டால் நடையைக் கட்டுங்கள்.
* ரெண்டு, மூணு ஸ்டார் ரிவ்யூக்களைப் படியுங்கள். 'நாலு நாளா ஒரே லெவல்ல நிக்கிறேன்' என்பது நமக்கு நல்ல செய்தி. 'விளம்பரம் தாங்கல' என்பதுதான் கெட்ட செய்தி.
* உருவாக்கியவர் பெயரைத் தட்டுங்கள். நல்ல பஸில் கேம்கள் பல, ஓரிருவர் மட்டுமே சேர்ந்து செய்தவை. ஒன்று பிடித்தால் அவர்களின் மற்ற கேம்களும் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

மெகோரமா (2016): குட்டி ரோபோவை வீடு சேர்க்க வேண்டும். 50 லெவல்கள். முதல் சில லெவல்கள் சும்மா வார்ம்-அப்.

தி ரூம் (2012): பூட்டுக்குள் பூட்டாக ஒரு மர்மப் பெட்டி. மாட்டிக்கொண்டால் ஹின்ட் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதை ஆஃப் செய்துவிட்டு ஆடினால் இன்னும் கெத்து.

சைமன் டேத்தமின் பஸில் தொகுப்பு: புட்டி என்ற பிரபல சாஃப்ட்வேரை எழுதியவர் செய்தது. இலவசம், விளம்பரம் இல்லை, நெட்டும் வேண்டாம். இதில் 'மைன்ஸ்' என்று ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டரில் ஆடிய மைன்ஸ்வீப்பர்தான். ஆனால், குருட்டாம்போக்கில் ஊகிக்கத் தேவையே இல்லாதபடி ஒவ்வொரு கட்டமும் உருவாகும்.

பாபா இஸ் யூ (2019): பின்லாந்தின் ஆர்வி டெய்காரி உருவாக்கியது. 2021-ல் மொபைலுக்கும் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியது. இங்கே கேமின் விதிகளே வார்த்தைக் கட்டைகளாகத் தரையில் கிடக்கும். 'வால் இஸ் ஸ்டாப்' என்று இருந்தால் சுவர் உங்களைத் தடுக்கும். அதில் ஒரு வார்த்தையைத் தள்ளி வரியை உடைத்தால், சுவருக்குள் புகுந்து போகலாம். 200-க்கும் மேற்பட்ட லெவல்கள்.

ஸ்டீஃபன்ஸ் சாஸேஜ் ரோல் (2016): இது கம்ப்யூட்டருக்கு. சாஸேஜை எல்லாப் பக்கமும் ஒரே ஒரு முறை சுட வேண்டும். கேட்க ஈஸி. முதல் லெவலிலேயே திணற வைக்கும். வாங்கத் தயக்கமா? இதை உருவாக்கிய ஸ்டீஃபன் லாவெல், 2013-ல் 'பஸில்ஸ்க்ரிப்ட்' என்ற இலவசக் கருவியையும் வெளியிட்டார். அதில் பலர் செய்த குட்டி கேம்களை ப்ரௌசரிலேயே ஆடலாம்.

ஸ்டீம் தளத்தில் வாங்கினால் இன்னொரு வசதி. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

உடனே யூடியூபைத் திறக்காதீர்கள். அதில் கிடைப்பது விடை மட்டும்தான். அடுத்த லெவலுக்குத் தேவையான யோசனை கிடைக்காது. அங்கேயும் மாட்டுவீர்கள், மறுபடி யூடியூப். அதற்குப் பதில், முடிவிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். கடைசிப் பெட்டி உள்ளே போக, நீங்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? அந்த இடத்துக்கு எப்படிப் போவது? அப்படியும் வரவில்லையா, போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் சட்டென்று பொறி தட்டுவது உண்டு.

ஒரு விஷயம், பஸில் ஆடினால் மூளைத்திறன் ஏறும், ஐ.க்யூ கூடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அப்படி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், லூமோசிட்டி ஆப்பின் நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. யாரும் சொல்லித்தராமல் நாமே கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷத்துக்காக ஆடினால் போதும். ஹின்ட்டைக் காசு கொடுத்து வாங்கினால் போவது அந்தச் சந்தோஷம்தான்.

எதில் தொடங்குவது என்று குழப்பமா? இன்னைக்கு ராத்திரி ஒரு 'மைன்ஸ்' போட்டுப் பாருங்க. செலவு, பூஜ்யம் ரூபாய்!