கரண்ட் போகும் நாளில் லேப்டாப்!

"பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மின்தடை" என்று பேப்பரில் பார்த்தால் நாம் சும்மா இருப்போமா? ராத்திரியே மாவை அரைத்து வைத்து, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, பள்ளிக்கூட யூனிஃபார்மை இஸ்திரி போட்டு விடுவோம். லேப்டாப்பை மட்டும் யாரும் நினைப்பதில்லை. பதினோரு மணிக்கு அது கண்ணை மூடும்போதுதான், "ஐயோ அம்மா, என் ப்ராஜெக்ட்!" என்று பெண் அலறுவாள்.

முதல் நாளே சார்ஜ் போட்டு வைப்பது ஒரு பாதிதான். இருக்கிற சார்ஜை நீட்டிப்பது மறு பாதி. அதற்கான வசதிகள் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் என்பதால் அதையே சொல்கிறேன்.

சாதாரண வேலைகளின்போது பேட்டரியை அதிகம் குடிப்பது திரைதான். மேல் வரிசையில் சூரியன் படம் போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்தி வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெயில் திரையில் விழாத மூலையில் உட்கார்ந்தால் அதுவே போதும். பிறகு 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' என்று போனால் 'பவர்' என்ற பகுதி வரும். பேட்டரியில் ஓடும்போது மூன்று நிமிஷத்தில் திரை அணையட்டும், பத்து நிமிஷத்தில் மிஷின் தூங்கட்டும் என்று அங்கே வைத்து விடலாம். திரையில் மீன் நீந்துகிற 'ஸ்கிரீன் சேவர்' கரண்டை மிச்சப்படுத்தும் என்று நினைக்காதீர்கள்! அது பழைய பெட்டி மாடல் திரைகளில் ஒரே படம் பதிந்து தழும்பாகாமல் இருக்க வந்தது.

அதே இடத்தில் 'பேட்டரி சேவர்' இருக்கிறது. புதிய விண்டோஸில் இதன் பெயர் 'எனர்ஜி சேவர்'. சார்ஜ் குறைந்த பிறகு தானாக விழித்துக்கொள்ளும் இதை, கரண்ட் போன உடனேயே நீங்களே போட்டு விடுங்கள். ஆனால் ஒரு ஜாக்கிரதை: பின்னால் ஓசைப்படாமல் நடக்கும் வேலைகளை இது நிறுத்தி வைக்கும். மெயில் தானாக வந்து விழாமல் இருக்கலாம். 'ஒன்டிரைவ்' ஃபைலை மேலே ஏற்றாமல் நிற்கலாம். பாடத்தை அனுப்பியாயிற்று என்று குழந்தை சொன்னாலும், போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, மூடியை மூடினால் அணைந்து விட்டது என்கிற எண்ணம். இல்லவே இல்லை! பெரும்பாலும் அது 'ஸ்லீப்', அதாவது கோழித் தூக்கம். செய்த வேலையை ஞாபகத்தில் வைத்திருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் அடியோடு தீர்ந்தால், சேமிக்காத வேலை போய்விடக்கூடும். 'ஹைபர்னேட்' அப்படியல்ல. எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு நிஜமாகவே அணையும். திறக்கும்போது சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். 'கன்ட்ரோல் பேனல்', 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், பேட்டரிக்கு நேராக இதைத் தேர்ந்தெடுங்கள். இது எல்லா லேப்டாப்பிலும் இருக்காது. அங்கே காணோம் என்றால் வேலையைச் சேமித்துவிட்டு 'ஷட் டவுன்' செய்வதே நல்லது.

இதனாலெல்லாம் கரண்ட் பில் சட்டென்று இறங்கி விடுமா? இறங்காது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். சாதாரண வேலைக்கு லேப்டாப் அந்த அளவு கூட எடுக்காது. மிச்சமாவது பேட்டரியின் ஆயுள்தான். புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டியிருக்கிறதே!

அந்த ஆயுளுக்கு எமன் சூடு. கைக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்க்கும் தாய்மார்களே, பல லேப்டாப்புகளில் அடியில் உள்ள காற்று துவாரங்களை மெத்தை அடைத்துவிடும். ஒரு மணைப்பலகையை எடுத்து அதன்மேல் வையுங்கள். எந்நேரமும் ப்ளக்கிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல கம்பெனி மாடல்களில் உண்டு. அதைப் போட்டு விடலாம். 'அடியோடு தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்' என்பது பழைய நிக்கல் பேட்டரிக்குச் சொன்னது. இப்போதைய லித்தியம் பேட்டரிக்கு அது கெடுதல்.

டச்பேட் எழும்பி நிற்கிறதா? மூடி சரியாகப் பொருந்தவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைப் பிடுங்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் அவர்களிடமே கொடுத்து விடுங்கள்.