ஊர் தப்பியது, ஏரி செத்தது!

நடுவர் அவர்களே! "புகைபோக்கியை உயரமாக் கட்டினா போதும், ஊர் தப்பிச்சுடும்"னு எதிரணி நண்பர் சொன்னார். தப்பிச்சது வாஸ்தவம். புகை எங்கே போச்சு? அதை நான் சொல்றேன்.

நிலக்கரிக்குள்ளே கந்தகம் இருக்கு. எரிச்சா கந்தக டை ஆக்சைடு. அது காற்றிலும் மேகத்திலும் கந்தக அமிலமாக மாறி, மழையோடு இறங்குகிறது. மாசில்லாத மழைநீரின் பி.எச். அளவு சுமார் 5.6. அது 4.6 ஆனா, ஒண்ணுதானே குறைஞ்சதுன்னு நினைக்காதீங்க. அமிலத்தன்மை பத்து மடங்கு!

பிரிட்டனின் அனல் மின் நிலையங்கள் புகைபோக்கிகளை உயர்த்தின. அந்தப் புகையைக் காற்று வடகடல் தாண்டி நார்வே, சுவீடனுக்குச் சுமந்தது. அமில மழை மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குள் சேர்த்தது. அது மீன்களின் செவுளைக் கெடுத்தது. தண்ணி மட்டும் பளிங்கு மாதிரி இருந்துச்சு. உள்ளே மீன் இல்லை!

1985-ல் ஹெல்சிங்கியில், கந்தகப் புகையை 30 சதவீதம் குறைப்போம் என்று 21 நாடுகள் கையெழுத்துப் போட்டன. பிரிட்டன் போடவில்லை! பிற்பாடு அவர்களும் சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையிலேயே கந்தகத்தைப் பிடித்தார்கள். ஏரிகள் மெல்ல மெல்லத் தேறின.

நம்ம வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசல்ல தள்ளுறதுக்குப் பேர் சுத்தமா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)