இருளில் ஒளிரும் வண்ணம் அஞ்சத்தக்கதா?

2019 ஆகஸ்டில் சென்னைக் கடலலைகள் இரவில் நீலமாய் ஒளிர்ந்தன. அது நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரின் ஒளி. கடலில் ஊட்டச்சத்து மிகும்போது இவ்வுயிர் பெருகி மீன்களுக்குக் கேடாவதும் உண்டு. அக்கவலையோடு, ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்தில் எழுந்தருளும் கிள்ளைக் கடற்கரையை ஒளிரும் வண்ணத்தில் தீட்ட நோயாளி ஒருவர் விரும்பினால், “அதில் கதிரியக்கம் உண்டா?” என்று இல்லத்தார் தயங்குவது இயல்பே.

அவ்வச்சம் வீணானதன்று. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடிய வண்ணம் பூசிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினர். ரேடியம் சுண்ணாம்புச்சத்தைப் போன்றே எலும்பில் படியும். பலருக்குத் தாடையெலும்பு சிதைந்தது; பலர் இறந்தனர்.

இன்று ஓவியர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸ்ட்ரான்சியம் அலுமினேட். பெயர் அச்சுறுத்தினும் அதில் கதிரியக்கம் இல்லை. விளக்கொளியை உள்வாங்கிச் சில மணி நேரம் மெல்ல உமிழ்கிறது, அவ்வளவே. எனினும் தூளாக வாங்க வேண்டாம். மூச்சுக்கோளாறு உடையோர்க்கு அது ஆகாது. நீரில் கரைத்த ஆயத்த வண்ணமே போதும். தூரிகையை வாயில் வைத்தல் கூடாது. கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம். பழைய கடிகாரத்தின் ஒளிப்பூச்சை ஒருபோதும் சுரண்டாதீர்கள். அது ரேடியமாக இருக்கக்கூடும்.

உறங்கும்முன் ஓவியத்தைப் பத்து நிமிடம் விளக்கருகே வைத்தால், கட்டிலிலிருந்தே கடலைக் காணலாம்.